அறுபத்திரண்டு

காரின் கணினி ஸ்டியரிங் வழியாக ஓட்டுபவரின் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நெஞ்சு படபடத்தால் இன்ஜினைத் தானே அடக்கிவிடும். அதை ஏமாற்றுவதுதான் கோயமுத்தூரில் சிபியின் தொழில். ஒரு நாள் காலையில் டீ குடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து தன் நாடியையே பதிவு செய்து வைத்திருந்தான். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு துடிப்பு. டியூனிங்குக்கு வரும் எல்லா காரிலும் அதையே ஏற்றிவிடுவான். அதன்பிறகு எவர் ஓட்டினாலும் கார் பதறாது. முழு பவரும் கிடைக்கும்.

அன்று மதியம் நிறைமதி பட்டறைக்கு வந்தாள். போன மாதம் மேம்பாலத் தூணில் மோதி இறந்த மகிழனின் மனைவி. கையில் விபத்து அறிக்கை இருந்தது.

"நீங்கதானுங்கண்ணா அவரு வண்டிக்கு வேலை பாத்தீங்க, உங்ககிட்டத்தான் கேக்கோணும். மோதுற வரைக்கும் அவரு நெஞ்சு அறுபத்திரண்டுலயே அடிச்சிருக்குதுங்க. துளிகூடப் பதறலைங்க."

சிபி அறிக்கையை வாங்கிப் பார்த்தான். துடிப்புக் கோட்டின் நடுவே சின்னதாக ஒரு துள்ளல் இருந்தது. பதிவு செய்த அன்று அவன் தும்மிய தும்மல் அது.

"அன்னைக்குக் காலைல எங்களுக்குள்ள சண்டைங்க. செத்துத் தொலைங்கன்னு சொல்லிட்டேன்," என்றாள். "அவரு வேணும்னேதான் போய் மோதுனாருங்களா?"

வாய்வரை வந்ததைச் சிபி விழுங்கினான்.

"தெரியலீங்க."

அவன் ஆமென்று சொல்லிவிட்டதுபோல அவள் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.