டமாரத்துக்கு அரை டம்ளர்

மூன்று பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை அவர்களைச் சட்டை செய்யவில்லை. ஒரு கரண்டியைச் செருப்புக்குள் விட்டு விட்டு எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

சற்று முன்புதான் அரை டம்ளர் பால் உள்ளே போயிருந்தது. இத்தனை வாரங்களில் கரண்டிக் கணக்கிலிருந்து டம்ளருக்கு வந்த முதல் பால்.

மாமா அவ்வப்போது குனிந்து அந்த வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அம்மாவின் தம்பி. ஒலிபெருக்கி பழுது பார்ப்பவர். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். குழந்தைக்கு ‘டமாரம்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பெயருக்குக் காரணம் இருந்தது.

ஒரு வயிற்றுப்போக்கு வந்து போனது. அது நின்ற பிறகும் வயிறு அடங்கவில்லை. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் உப்பிக்கொள்ளும். தட்டினால் டம் டம் என்னும். காலை மடக்கிக்கொண்டு அழுவாள். அப்புறம் புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். துணி மாற்றி மாற்றி இடுப்பெல்லாம் சிவந்து புண்ணானது. எடை ஏறாமல் நின்றது.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர். பல் முளைக்கிறது என்றார் மாமா. கண்டதையும் தின்னக் கொடுத்தால் இப்படித்தான் என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்தபடி. பிள்ளை துரும்பாய் இளைக்கிறாளே என்று அம்மா இன்னொரு டம்ளர் பால் கொடுத்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். உடம்பில் தடிப்பு வருகிறதா, உதடு வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா, மலத்தில் ரத்தம் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்த பிறகு, இது ஒவ்வாமை மாதிரித் தெரியவில்லை, பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்கவில்லை போலிருக்கிறது என்றார். அந்த வயிற்றுப்போக்கில் குடலின் உள்பக்கம் புண்ணாகியிருக்கும், ஆறினால் சரியாகிவிடும். சில வாரம் பாலை நிறுத்துங்கள், முட்டையும் மீனும் கீரையும் கொடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள், நீங்களாக எதையும் முடிவுகட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். அதையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார். பழுது எங்கே என்று தன்னால் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை விளக்கினார், டாக்டருக்கே தான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

டம்ளரைக் கண்டால் டமாரம் கையை நீட்டுவாள் என்பதால் வீட்டுக்குப் பால் வாங்குவதையே நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கும் பால் விடாத டீதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அம்மா, பிஸ்கட் உறைகளின் பொடி எழுத்தையெல்லாம் படித்து, பால்பவுடர் கலந்ததை ஒதுக்கினாள். ஒருநாள் மாமா பாசம் தாங்காமல் ஐஸ்கிரீமை நக்கக் கொடுத்துவிட்டார். அன்று மாலை முழுக்கத் துணி அலசும் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

வயிறு வற்றியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு, பக்கத்து வீட்டில் வாங்கிய பாலில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று கொடுத்துப் பார்த்தார்கள்.

இன்று, அப்பா பாஷையில், பாகத்தை முழுசாகத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்க்கும் நாள்.

அவளோ டம்ளரைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். அதனால் அப்பா ஒரு பெரிய டம்ளர் நிறையத் தனக்கும் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“அப்பா குடிக்கிறேன் பாரு. இதோ, காலியாகப் போகுது.”

ஒரே மூச்சு. சப்புக்கொட்டல் வேறு. டமாரத்துக்குப் பொறாமை வந்துவிட்டது. குடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் காவல்.

நேரம் போனது. வயிறு உப்பவில்லை. அழுகை இல்லை. கரண்டி செருப்புக்குள் போய்ப் போய் வந்தது.

மாமா மறுபடி காதை வைத்தார். கடமுடா என்று ஒரு சத்தம், மூன்று பேருக்கும் கேட்கும்படி. அம்மா மாற்றுத் துணியை எடுக்கப் பாய்ந்தாள்.

மாமா கையைக் காட்டி எல்லோரையும் அமர்த்தினார். காதைக் குடைந்துவிட்டு, கண்ணை மூடி, மீண்டும் உற்றுக் கேட்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்துவிட்டிருந்தார். நாலு எட்டு கௌரவமாக நடந்தார். மிச்ச தூரம் ஓட்டம்.

கழிவறைக் கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து உள்ளிருந்து சோர்ந்த குரல் வந்தது.

“காலையில நீ செஞ்சதுல எண்ணெய் ஜாஸ்தி. அப்பவே நினைச்சேன்.”

கதவுக்கு வெளியே நின்றிருந்த அம்மா யோசித்துப் பார்த்தாள். காலையில் அவள் எதையும் செய்யவில்லை. இருந்த பதற்றத்தில் எல்லோருக்கும் வாழைப்பழம்தான். அடுப்பில் ஏறியது பால் மட்டும்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வயிறு மக்கர் செய்யும்போதெல்லாம் பழி அவள் கைப்பக்குவத்தின் மேல்தான் விழுந்தது. அவளும் எண்ணெயைக் குறைத்தாள். காரத்தைக் குறைத்தாள். புளியைக் கண்ணில் காட்டாமல் வைத்தாள். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று, சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் பாலையும் தவறாமல் நீட்டினாள்.

சென்ற வாரம்தான் அவர் முதன்முதலாகப் பாராட்டியிருந்தார், உனக்கு இப்போதுதான் சமையல் கைவந்திருக்கிறது என்று. அதை அவள் தம்பியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

அவள் கதவைத் தட்டவில்லை. அடுக்களைக்குப் போய் மதியச் சமையலை ஆரம்பித்தாள்.

குழந்தைக்கு வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வைத்தாள். மிச்சத்தில், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, தன் நாக்கு கேட்ட அளவுக்கு மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டாள்.