திறக்கக் கூடாத மூடி

ஆழ்துளைக் கிணற்றின் வாயிலிருந்து வெண்புகை சீறிக்கொண்டு வெளியேறி வெயிலில் காணாமல் போகிறது. வீட்டுக்காரர் கையில் ஸ்பானரோடு திகைத்து நிற்கிறார். குழாய் நெடுகப் பனி பூத்திருக்கிறது. மெக்கானிக் ஓடிவந்து மூடியை முடுக்குகிறார். காலையிலிருந்து கரியமில வாயுவைச் சிலிண்டர் சிலிண்டராக உள்ளே இறக்கியவர் அவர். அது காற்றில் கலக்காமல் நாளைவரை மண்ணுக்கடியிலேயே அடைந்து கிடந்தால்தான் ஊற்றுக்கண்ணின் அடைப்பு கரையும். “நாளைவரைக்கும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அண்ணே.” “தண்ணி வந்துடுச்சான்னு பார்த்தேன்பா.” சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வருகிறது: “அடுப்புல வச்சதையே நிமிஷத்துக்கொரு தடவை திறந்து பார்க்கிறவர்.” சீறல் அடங்குகிறது. வீட்டுக்காரர் ஸ்பானரை இன்னும் விடவில்லை. மெக்கானிக் ஆறிப்போன டீயை எடுத்துவந்து மூடியின்மேலேயே உட்கார்கிறார். “வீட்டுக்குப் போகலையாப்பா?” “நீங்க தூங்குங்க. அப்புறம் போறேன்.”