ஓடாத டிராக்டர்

ஆம்ப்ரோஸ் பழுது பார்த்துப் பார்த்தே உயிரோடு வைத்திருந்த பழைய டிராக்டரை விற்க, அண்ணன் கில்பர்ட் ஆள் கூட்டி வந்துவிட்டார். நிலத்தை லேஅவுட்டுக்குக் கொடுத்த பிறகு வண்டி எதற்கு என்று கேட்டு, ஆம்ப்ரோஸை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் முக்கி முனகியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை.

"நேத்துகூட ஓடிச்சேடா!" என்றார் கில்பர்ட்.

"வயசாயிடுச்சில்லண்ணா."

வாங்க வந்த ஹோட்டல்காரர் மஞ்சுநாத் சிரித்தார். "பரவாயில்ல சார். நான் ஓட்டவா போறேன்? ஹோட்டல் வாசல்ல அழகுக்கு நிக்க வெக்கப் போறேன். இன்ஜினைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, பின்னால உழுற கல்டிவேட்டர் கொழுவுல பூந்தொட்டி மாட்டிடுவேன்."

ஆம்ப்ரோஸ் வண்டியிலிருந்து இறங்கினான். பிறகு குனிந்து, காலையில் தானே மூடிவைத்த டீசல் குழாயைத் திறந்தான். குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினான். டிராக்டர் உறுமிக்கொண்டு எழுந்தது.

"கேளுங்க சார். நல்லா ஓடுற இன்ஜின். இதைப் போயி கழட்டுவீங்களா?"

மஞ்சுநாத்தின் முகம் மலர்ந்தது. "ஒள்ளேதாய்த்து சார், நல்லதாப் போச்சு! இனி கிரேன் வேணாம். நீங்களே ஓட்டி லாரியில ஏத்திடுங்க."