ஆகாயக் கப்பல்

“மெதுவாப் படிங்க. மாமி காதுல உழுந்துரப் போகுது.”

“உழுந்தா அவ்வளவுதான். எட்டாவதுல நான் பெயிலானப்ப என் கதப்பொஸ்தகம் அத்தனையும் வெந்நி அடுப்புல போட்டவங்க அவங்க.”

சிக்கந்தர் இப்படிச் சொல்லிச் சிரித்தது ஹலீமாவுக்கு அப்படியே நினைவிருந்தது. கல்யாணமாகி அவள் ஏற்காடு வந்த புதிது. ஏரிக்கரையில் அவனுக்குக் கேசட் கடை. சரக்கெடுக்கச் சேலம் இறங்கும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ‘ஏழாம் வளையம்’ புத்தகம் ஒன்றை வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்த தொடர் அது. ஆகாயக் கப்பலில் கிளம்பிய ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், வழி தவறிப்போய்க் கிரகம் கிரகமாக அலைகிற கதை. டிவியில் காட்டாத பயணங்களைப் புத்தகமாகப் போட்டு விற்றார்கள்.

சாப்பாடு முடிந்ததும் சிக்கந்தர் படிக்க உட்காருவான். ஐந்து பேருக்கும் ஐந்து குரல். உற்சாகத்தில் சத்தம் ஏறிவிடும். ஹலீமா அவன் வாயைப் பொத்தியதும் கிசுகிசுப்புக்கு இறங்குவான்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா சுபைதா மாமி இருமுவாள். மாட்டிக்கொண்டோம் என்று விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு நின்று மாதம் ஒன்றாகிறது. மழை பெய்த ஒரு சாயங்காலம் மலைப்பாதை வளைவில் வேன் உருண்டது. சரக்கோடு ஏறி வந்துகொண்டிருந்த சிக்கந்தரும் போய்விட்டான்.

ஹலீமா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டிய காலம். கூடத்து டிவி போர்வை போர்த்திக் கிடந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. சோறு வந்தால் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி வந்து சில்வர் ஓக் மரங்களை மூடுவதும் விலகுவதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தது.

ஒரு மத்தியானம், அவன் பாதியில் விட்டிருந்த புத்தகத்தை எடுத்து, அவன் நிறுத்திய வரியிலிருந்து முணுமுணுவென்று படித்தாள். கதை மனசில் ஏறவில்லை. ஆனால் அதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொற்கள். படிக்கிற வரைக்கும் மூச்சு சீராக வந்தது. அவளுக்கு மிஞ்சியது அந்தப் புத்தகங்கள் மட்டும்தான். யாராவது பிடுங்கிக்கொண்டால் பிறகு பொழுதைத் தள்ள முடியாது.

மறுநாளிலிருந்து மாமி, ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணியோடு அறை வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தாள். திரைச்சீலைக்குக் கீழே மாமியின் கையும் மடியும் தெரிந்தன. மணி ஒன்றுகூட நகரவில்லை. காவல் இருக்கிறாள் என்று பயந்து ஹலீமா குரலை இன்னும் சுருக்கிக்கொண்டாள்.

பயந்தது ஜரீனாவால் நடந்தது. சிக்கந்தரின் அக்கா அவள். சேலத்திலிருந்து துக்கம் பார்க்க வந்தவள், கட்டிலடியில் புத்தகங்களைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

“தம்பிய மண்ணுல வெச்ச ஈரம் காயல, இவ ஆகாயத்துல சுத்திட்டிருக்கறா. ஏனுங்கம்மா, வாசல்லயே உக்காந்திருக்கறீங்க, கேக்க மாட்டீங்களா?”

மளிகைக்கடையில் போட்டால் மிளகு பொட்டலம் கட்டவாவது ஆகும் என்று சொல்லி, அவளே எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினாள். மாமி அந்தப் புத்தகக் கட்டை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஹலீமாவுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் தலையணைக்கு அடியில் போய்ப் பார்த்தது. பாதி படித்த புத்தகம் அங்கேயே இருந்தது.

ஜரீனா ஊர் திரும்பிய மறுநாள் மத்தியானம் ஹலீமா அதை எடுத்தாள். சத்தம் வந்தால்தானே வம்பு? உதடு அசையாமல் கண்ணால் மட்டும் படித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். திரைச்சீலைக்குக் கீழே மாமியின் மடி தெரிந்துகொண்டிருந்தது.

திரைச்சீலை விலகியது. மாமி உள்ளே வந்து கையை நீட்டினாள்.

ஹலீமா கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கும் தெம்பு வேண்டுமே. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, காலியான தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமி கட்டிலில் உட்கார்ந்தாள். குர்ஆன் ஓதுவாளே தவிர அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அட்டையில் இருந்த ஐந்து பிள்ளைகளின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முந்தானையால் அட்டையைத் துடைத்தாள்.

பிறகு புத்தகத்தை மருமகள் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

“கொஞ்சம் சத்தமாப் படி கண்ணு. அவன் படிக்கறப்பவே எனக்குப் பாதிதான் கேட்டுச்சு.”