பச்சை விளக்கு எரிந்தால் டீ

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பத்தொன்பது டீ. மருமகளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

கால் முறிந்த மாமனார் மாடியறையில் படுத்திருந்தார். கட்டிலருகே ஒரு பட்டன். அமுக்கினால் சமையலறையில் குட்டிப் பச்சை விளக்கு எரியும். மகனே ஒயர் இழுத்துப் பொருத்தியது. எரிந்தபோதெல்லாம் அவள் டீயோடு படியேறினாள். அவரும் மறுக்காமல் குடித்தார்.

“உங்கப்பாவுக்கு வயிறா, தண்ணித் தொட்டியா? இன்னொரு தடவை எரிஞ்சா நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்” என்று கணவனிடம் பொரிந்து தள்ளிவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

விளக்கு எரிந்தது. மிக்ஸியை நிறுத்தினாள். அணைந்தது. மறுபடி போட்டாள். எரிந்தது.

“ஏங்க, இந்த ஒயரை எது வழியா இழுத்தீங்க?”

“கரண்ட் ஒயர் போற பைப்லயேதான். தனி பைப்னா சுவரை உடைக்கணுமே.”

“ரெண்டையும் ஒட்டி இழுத்தா, மிக்ஸி ஓடுறப்ப அந்தக் கரண்ட் இதுலயும் தாவி, யாரும் பட்டனைத் தொடாமலே எரியும். தனியாத்தான் இழுக்கணும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாடிக்கு ஓடினாள்.

“மாமா, நீங்க பட்டனை அமுக்கவே இல்லையா?”

“இல்லையேம்மா.”

“அப்புறம் ஏன் அத்தனை டீயையும் குடிச்சீங்க?”

மாமனார் குரலைத் தாழ்த்தினார்.

“வேண்டாம்னா நீ கோவிச்சுக்குவியோன்னு பயம். எனக்கு டீயே பிடிக்காதும்மா.”