சோதனை அழைப்பு

மலேசியாவின் சபாக் கடைத்தெருவில் மழை இருட்டிய பிற்பகல். போன் பழுதுபார்க்கும் நஜீப்பின் கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து விளிம்பைத் தொடுகிறது. கேபிளின் மறுமுனையில், செத்துக் கிடந்த பழைய பட்டன் போன் ஒருமுறை அதிர்ந்து வெளிச்சம் காட்டுகிறது. "எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொன்னவங்கள். பாத்தியோ தம்பி, எழும்பிட்டுது" என்று சிரிக்கிறார் அதன் சொந்தக்காரர் குமாரசிங்கம். "புது சாஃப்ட்வேர் ஏத்தியாச்சுங்க ஐயா. ஒரு கால் போட்டுப் பாத்துடலாம் லா." அவருடைய சிம்மைச் செருகுகிறான் நஜீப். சோதனைக்கு எப்போதும் தன் எண்ணையே அழுத்தும் விரல், இன்று வேறோர் எண்ணை அழுத்துகிறது. சண்டை போட்டுக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய்விட்ட மகள் ஆஃப்ரீன், வாப்பாவின் எண் என்றால் எடுப்பதே இல்லை. இது அவளுக்குத் தெரியாத எண், எடுத்துவிடுகிறாள். "ஹலோ, யாரு?" நஜீப் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறான். தலைக்கு மேல் காற்றாடி மட்டும் கிறீச்சிட்டுச் சுற்றுகிறது.  பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து தணிந்த குரலில், "அந்தக் காத்தாடிக்கு இன்னும் எண்ணெய் விடலியா வாப்பா?" அவன் காற்றாடியை அண்ணாந்து பார்க்கிறான். அவள் காத்திருக்கிறாள். காத்திருந்துவிட்டு வைத்துவிடுகிறாள். "தம்பி, அங்கால கதைக்கிறது கேக்குதோ?" என்கிறார் குமாரசிங்கம். "நல்லா கேக்குதுங்க ஐயா" என்கிறான் நஜீப், ஓசையடங்கிய போனைக் காதிலிருந்து எடுக்காமல்.