நாய் பார்க்கும் திசை

துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்கும் தங்கை, பத்தொன்பது மணி நேரம் வரைந்த நாயின் படத்தை அண்ணனின் வேட்டைத் துப்பாக்கிமேல் வைத்துக் காட்டினாள்.

"நம்ம மொட்டைவாலேதான். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பிடும்மா."

"நாய் குழல் முனையைப் பார்க்குற மாதிரிதான் வரைவோம்ணா. வேட்டை நாய் சுடுறவனைப் பார்த்து நின்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"மூணாவது தடவை மாத்தச் சொல்றே. அண்ணிக்குப் புடவை எடுக்கக்கூட இவ்வளவு யோசிச்சதில்ல நீ. வண்டியில அடிபட்டுச் செத்த நாய்க்கு இவ்வளவு பாசமா?"

அவன் அழிப்பானை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அழித்துவிட்டு, முகத்தைத் திருப்பி வரைந்தாள். இப்போது துப்பாக்கியை ஏந்துபவனை நாய் நேராகப் பார்த்தது.

அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தான்.

"எந்த வண்டியும் அடிக்கலம்மா. புதர் அசைஞ்சுது. முயல்னு நினைச்சு நான்தான் சுட்டுட்டேன்."